ஒல்லியான உடல், லேசான சர்க்கரை, இன்னும் சுரக்கும் கணையம்: 17 வயது மாணவி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு சிறிய நீரிழிவு மருத்துவமனையில் பார்த்த நிகழ்வு இது. குடும்பத்தாரின் சம்மதத்துடன் எழுதுகிறேன். யாரென்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இளம் வயதில் சர்க்கரை என்றதும் "இது டைப் 1, வாழ்நாள் முழுக்க ஊசி" என்று முடிவாகிவிடும் பிள்ளைகளில் சிலருக்காவது, ஒரே ஒரு மரபணுவின் குறையால் குடும்பவழியில் இறங்கும் "மோடி" (MODY) என்ற வேறு வகை நீரிழிவு இருக்கலாம், அவர்களுக்கு வேறு வழி உண்டு என்பதை மருத்துவர்களும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம்.

பின்னணி

பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரியில் சேரப்போன மாணவிக்கு மருத்துவச் சான்றிதழ் தேவைப்பட்டது. சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை மூன்று பிளஸ். உடனே எடுத்த ரத்தச் சர்க்கரை 226 மி.கி. மறுநாள் வெறும் வயிற்றில் 118, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 231. மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 7.1. தாகம், எடை குறைதல், இரவில் அடிக்கடி சிறுநீர் என்று எந்தத் தொந்தரவும் இல்லை. இன்சுலின் போதாதபோது கொழுப்பு எரிந்து உண்டாகும் கீட்டோனும் சிறுநீரில் இல்லை.

உயரம் 158 செ.மீ., எடை 46 கிலோ. வயதையும் ஒல்லியான உடலையும் பார்த்து, முதலில் கவனித்த மருத்துவர் டைப் 1 (உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் இன்சுலின் செல்களை அழித்துவிடும் வகை) என்று எழுதி, 30/70 கலவை இன்சுலினைக் காலையில் 12 யூனிட், இரவில் 8 யூனிட் என்று தொடங்கினார். அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. டைப் 1 உள்ள பிள்ளைக்கு இன்சுலின் தராமல் விட்டால் சில நாட்களிலேயே கீட்டோன் பெருகி ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். சந்தேகம் இருக்கும்போது ஊசியைப் போடுவதுதான் பாதுகாப்பு. ஆனால் அந்தச் சந்தேகத்தை அதற்கப்புறம் யாரும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

எங்களிடம் வந்தபோது

எட்டு மாதம் கழித்து அம்மாவுடன் வந்தார். மதிய உணவுக்கு முன்னால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, வகுப்பில் கண் இருட்டுகிறது என்பதுதான் முறையீடு. குளுக்கோமீட்டரைத் திறந்து பழைய பதிவுகளைப் பார்த்தோம். முற்பகலில் 54, 61, 58 என்று திரும்பத் திரும்பத் தாழ்சர்க்கரை. பயந்துபோய் அவராகவே அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, இப்போது காலையில் 6, இரவில் 4 யூனிட்டில் நிற்கிறார்.

அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியாகப் பேசியபோது இன்னொன்றும் தெரிந்தது. அப்பாயி ஊரில் கோயில் திருவிழா நடந்த ஐந்து நாட்களும் ஊசியே போடவில்லை. உறவுக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற தயக்கம். அந்த நாட்களில் மீட்டரில் பதிவான எண்கள் 150க்கும் 240க்கும் நடுவில்தான் இருந்தன. வாந்தி இல்லை, வயிற்றுவலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. "திட்டாதீங்க டாக்டரம்மா" என்றுதான் அதைச் சொல்லவே ஆரம்பித்தார். திட்டுவதற்கு அதில் எதுவும் இல்லை. அவர் சொன்னதில் அன்றைக்கு மிக முக்கியமான தகவல் அதுதான்.

இருந்தாலும் அதை வைத்தே முடிவுக்கு வந்துவிட முடியாது. டைப் 1 தொடங்கிய முதல் வருடத்தில், இன்சுலின் கொடுக்க ஆரம்பித்ததும் கணையத்தில் மிச்சமிருக்கும், இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் கொஞ்ச காலத்துக்கு நன்றாக வேலை செய்யும். தேனிலவுக் காலம் என்றே மருத்துவர்கள் அதைச் சொல்வார்கள். எட்டு மாதம் என்பது அந்தக் காலத்துக்கு உட்பட்டதுதான்.

பரிசோதனையில் கழுத்திலோ அக்குளிலோ கருமை இல்லை. அது இருந்திருந்தால் இன்சுலின் எதிர்ப்பை, அதாவது இளவயதில் வரும் டைப் 2வை நினைத்திருப்போம். வயிற்று எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் கணையத்தில் கல் இல்லை. வெப்பமண்டல நாடுகளில், குறிப்பாகக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், ஒல்லியான இளையோருக்குக் கணையக் கல்லோடு சேர்ந்து வரும் நீரிழிவு உண்டு. அவர்களுக்கும் ஊசியை விட்டால் கீட்டோன் எளிதில் வராது. அதனால் இந்தப் படத்தை எடுக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது.

குடும்பத்தை விசாரித்தது

"வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருக்கா?" என்று கேட்டால் நம் ஊரில் பெரும்பாலும் "இருக்கு" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலால் எந்தப் பயனும் இல்லை. டைப் 2 இவ்வளவு பரவியிருக்கும் இடத்தில் மூன்று தலைமுறைக்கும் சர்க்கரை இருப்பது அதிசயமே இல்லை. எந்த வயதில் வந்தது, அப்போது உடல்வாகு எப்படி, இப்போது என்ன மருந்து, எவ்வளவு, இவற்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அடுத்த முறை வரும்போது அப்பாவையும் அப்பாயியையும் அழைத்து வரச் சொன்னோம்.

அப்பாவுக்கு 44 வயது. 26 வயதில் சர்க்கரை தெரிந்தது. அன்றும் ஒல்லி, இன்றும் ஒல்லி. மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 2 கிராம், கூடவே சிட்டாகிளிப்டின். ஹெச்பிஏ1சி 9.2. விழித்திரைக்கு லேசர் சிகிச்சை நடந்திருக்கிறது. இனி இன்சுலின்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு 24 வயதில் வந்தது. அம்மா வழியில் யாருக்கும் இல்லை.

அப்பாயிக்கு 66 வயது. முதல் பிள்ளை பிறந்த பிறகு, முப்பது வயதுக்குள்ளேயே சர்க்கரை தெரிந்துவிட்டது. மஞ்சள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். டயோனில், ஒவ்வொரு மாத்திரையும் சரிபாதியாக உடைக்கப்பட்டிருந்தது. "முழுசாப் போட்டா மயக்கம் வருதும்மா. பாதி போட்டாப் போதும், இத்தனை வருசமா அதுதான்" என்றார். அப்புறம் பேத்தியைக் காட்டி, "எனக்குக் கேக்குற மாத்திரை இவளுக்குக் கேக்காதா?" என்று கேட்டார்.

டயோனில் என்பது கிளிபென்கிளமைடு. கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மருந்து. டைப் 2வில் இந்த வகை மருந்துக்குப் பல வருடங்களில் பலன் குறைந்துகொண்டே போகும். பாதி மாத்திரைக்கே மயக்கம் வரும் அளவுக்கு முப்பது வருடத்துக்கு மேலாக ஒருவருக்கு அது வேலை செய்கிறது என்றால் அவருடைய நோய் டைப் 2 இல்லாமலும் இருக்கலாம். சோதனைக்கூடத்துக்கு எதையும் அனுப்புவதற்கு முன்பே எங்கள் யோசனையைத் திருப்பிவிட்டது அந்த அட்டைதான்.

இன்சுலின் சுரப்பை அளந்தது

கணையம் எவ்வளவு சுரக்கிறது, எப்போது சுரக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊசி போட்டுக்கொள்பவருக்கு ரத்த இன்சுலினை அளந்தால் ஊசியில் போனதும் சேர்ந்து தெரிய வாய்ப்புண்டு. அதனால் சி-பெப்டைடை அளக்கிறோம். பீட்டா செல்லில் முதலில் உருவாவது புரோஇன்சுலின் என்ற நீளமான புரதம். அது வெட்டுப்படும்போது ஓர் இன்சுலினும் ஒரு சி-பெப்டைடும் சமமாக வெளிவருகின்றன. கடையில் வாங்கும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. ஆகவே ரத்தத்தில் இருக்கும் சி-பெப்டைடு முழுவதும் அவருடைய கணையம் தந்ததே.

முந்தின இரவு ஊசியை நிறுத்தி, காலையில் கீட்டோன் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்தோம். நான்கு முறை ரத்தம் எடுத்தோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 112, சி-பெப்டைடு 0.9 நானோகிராம். அரை மணியில் சர்க்கரை 208, சி-பெப்டைடு 1.3. ஒரு மணியில் 262, 2.0. இரண்டு மணியில் 248, 2.4.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? முதலாவது, கணையம் சுரக்கிறது. குளுக்கோஸ் கொடுத்த பிறகும் 0.6க்குக் கீழேயே நின்றிருந்தால் சுரப்பு ஏறக்குறைய வற்றிவிட்டது என்று கொள்வோம். இவருக்கு அதைப் போல நான்கு மடங்கு. இரண்டாவது, சுரக்க வேண்டிய நேரத்தில் சுரக்கவில்லை. நல்ல ஆரோக்கியமான ஒருவருக்குக் குளுக்கோஸ் உள்ளே போன அரை மணிக்குள் சி-பெப்டைடு பல மடங்கு எகிற வேண்டும். இவருக்குச் சர்க்கரை 208 ஆன பிறகும் சுரப்பு பெரிதாக அசையவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத்தான், அதுவும் 248 என்ற உயரத்துக்குப் போதாத அளவில், ஏறியிருக்கிறது. மூன்றாவது, வெறும் வயிற்றுக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் சர்க்கரை 136 ஏறியிருக்கிறது. இதைப் பிறகு பார்ப்போம்.

சிறுநீரையும் கவனமாகப் பார்த்தோம். இரவு முழுக்கச் சேர்ந்த முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அரை மணி கழித்து வந்ததைச் சோதித்தோம். அந்த நேரத்தில் ரத்தச் சர்க்கரை 112. சிறுநீரில் சர்க்கரை இரண்டு பிளஸ். சாதாரணமாக ரத்தத்தில் 180 வாக்கில் ஏறினால்தான் சிறுநீரில் இறங்கும். சான்றிதழ்ப் பரிசோதனையில் மூன்று பிளஸ் வந்ததற்கும் காரணம் இதுவாக இருக்கலாம்.

டைப் 1இல் பெரும்பாலும் ரத்தத்தில் தென்படும் ஜிஏடி, ஐஏ-2, இசட்என்டி8 ஆன்டிபாடிகள் மூன்றும் இவருக்கு இல்லை. நம் நாட்டு டைப் 1 நோயாளிகளில் ஆன்டிபாடி தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அதனால் இந்த ஒரு முடிவை மட்டும் வைத்து டைப் 1 இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

எதையெல்லாம் யோசித்தோம்

இளையோருக்கு வரும் லேசான நீரிழிவில் இன்சுலின் சுரப்பு எப்படி இருக்கிறது என்ற கேள்வி பழையது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபன் ஃபாஜன்ஸும் ஜெரோம் கானும், இப்படிப்பட்ட இளையோருக்கு டோல்பியூட்டமைடு என்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரையால் குளுக்கோஸ் சோதனை முடிவு மேம்படுகிறது என்று 1960இலேயே எழுதினார்கள். ரத்தத்தில் இன்சுலினை அளக்கும் முறை வந்த பிறகு, பார்வைக்கு ஒரே மாதிரி லேசான சர்க்கரை உள்ள இளையோரில் சிலருக்குச் சுரப்பு குறைவாகவும் தாமதமாகவும், சிலருக்கு அதிகமாகவும் இருப்பது தெரிந்தது. 1974இல் லண்டனில் ராபர்ட் டாட்டர்சால் இது தலைமுறை தலைமுறையாக இறங்கும் குடும்பங்களை விவரித்தார். அடுத்த ஆண்டு அவரும் ஃபாஜன்ஸும் சேர்ந்து "மோடி" என்ற பெயரைப் பரவலாக்கினார்கள். நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையில் வி. மோகனும் எம். விஸ்வநாதனும் அவர்கள் குழுவினரும் இந்தியர்களிடம் இந்த வகை நிறைய இருப்பதாக 1985இல் வெளியிட்டார்கள். மரபணுச் சோதனை இல்லாத காலத்துக் கணக்கு என்பதால் அதில் இளவயது டைப் 2வும் கலந்திருக்கலாம். ஆனாலும் கேள்வியை அவர்கள் அன்றே எழுப்பிவிட்டார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு மோடி வகையில் இரண்டு வாய்ப்புகள் முன்னால் நின்றன. ஒன்று குளுக்கோகைனேஸ் மரபணுக் குறை. சர்க்கரையை உணரும் அளவே அதில் கொஞ்சம் மேலே நகர்ந்துவிடும். வெறும் வயிற்றில் எப்போதும் 100க்கும் 145க்கும் இடையில் நிற்கும், குளுக்கோஸ் கொடுத்தால் பெரும்பாலோருக்கு 55க்கு மேல் ஏறாது. மருந்தே தேவைப்படாது, கண்ணும் சிறுநீரகமும் பெரும்பாலும் கெடாது. மற்றது ஹெச்என்எஃப்1ஏ என்ற மரபணுவின் குறை. இதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆரம்பத்தில் ஓரளவு நன்றாக இருந்தாலும் சாப்பிட்ட பிறகு செங்குத்தாக ஏறும். சிறுநீரகத்தில் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சும் எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம் குறைவாக இருப்பதால் சிறுநீரில் முன்கூட்டியே சர்க்கரை தெரியும். நம் மாணவியின் 136 ஏற்றமும், சிறுநீர் முடிவும், அப்பாவின் விழித்திரையும், அப்பாயியின் பாதி மாத்திரையும் இரண்டாவதைத்தான் காட்டின.

எடுத்த முடிவு

மரபணுச் சோதனைக்கு ரத்தம் அனுப்பினோம். முடிவு வரப் பல வாரங்கள் ஆகும். அதுவரை தாழ்சர்க்கரையோடு அவரை விட்டுவைப்பதா, அல்லது மாத்திரையை முயன்று பார்ப்பதா என்று எங்களுக்குள் பேசினோம். முடிவுக்குக் காத்திருப்பதே முறை என்ற கருத்துக்கும் நியாயம் உண்டு. அவருக்குக் கடைசிவரை டைப் 1 ஆகவே இருந்துவிட்டால் மாத்திரை ஏமாற்றிவிடும். ஆனால் சுரப்பு இருப்பது நிரூபணமாகிவிட்டது, ஆன்டிபாடி இல்லை, ஐந்து நாள் ஊசி இல்லாமலே கீட்டோன் தொந்தரவு வரவில்லை, தினமும் தொலைபேசியில் பேச ஆள் இருக்கிறது. கண்காணிப்போடு முயல்வது என்று முடிவு செய்தோம்.

சல்ஃபோனைல்யூரியாவைத் தேர்ந்ததற்குக் காரணம் நோயின் அமைப்பிலேயே இருக்கிறது. ஹெச்என்எஃப்1ஏ குறை உள்ள பீட்டா செல்லில் இன்சுலின் இருக்கிறது. குளுக்கோஸ் உள்ளே வந்து எரிந்து, அந்த ஆற்றலால் செல்லின் பொட்டாசியம் வழி மூடிக்கொண்டால்தான் அது வெளியேறும். பழுது அந்த எரியும் கட்டத்தில் இருக்கிறது. சல்ஃபோனைல்யூரியா நேராகப் போய் அந்தப் பொட்டாசியம் வழியையே மூடிவிடுகிறது. அப்பாயிக்கு இதைச் சொன்னபோது, "மோட்டார் நல்லாத்தான் இருக்கு, சுவிட்சுலதான் கோளாறு. மாத்திரை சுவிட்சைத் தாண்டி நேரா லைன் குடுக்குது" என்று விளக்கினேன். பம்புசெட்டோடு வாழ்ந்தவர், சட்டென்று பிடித்துக்கொண்டார். 2003இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் குழு வெளியிட்ட ஆய்வில், ஹெச்என்எஃப்1ஏ நோயாளிகளுக்கு மெட்ஃபார்மினைவிட கிளிக்ளசைடு என்ற சல்ஃபோனைல்யூரியா 5 மடங்குக்கும் மேல் பலன் தந்தது. அந்த அளவுக்குக் கேட்கும் என்பதாலேயே வழக்கமான அளவில் தொடங்கினால் தாழ்சர்க்கரை வர வாய்ப்பு அதிகம்.

கிளிக்ளசைடு 40 மி.கி. மாத்திரையில் பாதியைக் காலை உணவோடு தொடங்கினோம். முதலில் இரவு ஊசியை நிறுத்தினோம், மூன்று நாள் கழித்துக் காலை ஊசியை. ஒரு நாளைக்கு நான்கு முறை விரல் குத்திச் சோதனை, காலையில் சிறுநீர்க் கீட்டோன். வாந்தியோ காய்ச்சலோ வந்து கீட்டோன் தெரிந்தால் யாரையும் கேட்காமல் இன்சுலின் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுத்தோம். இன்சுலின் குப்பியைத் தூக்கிப் போடக் கூடாது, ஃபிரிட்ஜில் இருக்கட்டும் என்றும் சொன்னோம். "ஊசியை நிறுத்தினா புள்ளைக்கு எதுவும் ஆயிடாதே?" என்று அம்மா பலமுறை கேட்டார். எட்டு மாதமாக ஊசியை விட்டால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லப்பட்டு வந்தவர். அவரிடம் அவசரப்படாமல் ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து நடந்தது

முதல் வாரத்திலேயே வெறும் வயிற்றுச் சர்க்கரை 90 முதல் 105க்குள் வந்தது. சாப்பிட்ட பிறகு 130 முதல் 165. கீட்டோன் ஒருமுறைகூட வரவில்லை. நான்காவது வாரத்தில் சாப்பிட்ட பிறகு 180ஐத் தாண்டிய இரண்டு எண்களைப் பார்த்து மாத்திரையை 40 ஆக உயர்த்தினோம். சில நாட்கள் கழித்து, காலையில் டீ மட்டும் குடித்துவிட்டுச் செய்முறை வகுப்புக்குப் போன அன்று, 57க்கு இறங்கிவிட்டது. பையில் இருந்த குளுக்கோஸ் பொடியால் சரியானது. திரும்பவும் 20க்கே வந்தோம். காலை உணவு இல்லையென்றால் மாத்திரையும் இல்லை என்பதை அவரே ஒரு விதியாக்கிக்கொண்டார். மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி 6.3.

மரபணு முடிவு வந்தது. ஹெச்என்எஃப்1ஏவின் ஒரு பிரதியில் நோய் உண்டாக்கும் மாற்றம். அப்பாவுக்கும் அதே மாற்றம். அவருக்குச் சிட்டாகிளிப்டினை நிறுத்தி, கிளிக்ளசைடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். 18 வருட நோய், பீட்டா செல்கள் நிறையத் தேய்ந்திருக்கும். மகளுக்குக் கேட்ட அளவு அவருக்குக் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் 9.2இலிருந்து 7.6. இன்சுலின் பேச்சு தள்ளிப்போயிருக்கிறது, நீங்கிவிடவில்லை. சித்தப்பா இன்னும் சோதனைக்கு வரவில்லை.

தம்பிக்கு 12 வயது. மாற்றம் அவனுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இப்போதே மரபணுச் சோதனை வேண்டும் என்று அப்பா கேட்டார். நோய் இல்லாத சிறுவனிடம் அதைச் செய்து ஒரு பெயரைச் சுமத்த வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வருடம் ஒருமுறை சாப்பிட்ட பிறகு ரத்தச் சர்க்கரையும் சிறுநீரும் பார்த்தால் போதும், சர்க்கரை தெரிந்தால் அன்றைக்குச் சோதிக்கலாம் என்று பேசி முடித்தோம். அப்பா முழு மனதோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

கல்யாணப் பேச்சும் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா என்று அம்மா கேட்டார். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 50 சதவீத வாய்ப்பு என்பதையும், கர்ப்பத்துக்கு முன்பே மருந்தைப் பற்றி எங்களிடம் பேசியாக வேண்டும் என்பதையும் அந்தப் பெண்ணிடமே நேராகச் சொன்னோம். யாரிடம், எப்போது சொல்வது என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

ஒன்றரை வருடம் ஆகிறது. கிளிக்ளசைடு 20 மி.கி., ஹெச்பிஏ1சி 6.4, விழித்திரை சுத்தம், சிறுநீரில் ஆல்புமின் இல்லை. ஊசி போனதும் நோயும் போய்விட்டது என்று வீட்டில் ஒரு நினைப்பு பரவியதால், வருடாந்திரக் கண் சோதனைக்கு அப்பாவே மகளை அழைத்து வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் ஹெச்என்எஃப்1ஏ வகையிலும் கண், சிறுநீரகம், நரம்பு எல்லாமே மற்ற நீரிழிவில் போலவே பாதிக்கப்படும். லேசான சர்க்கரை என்று தொடங்கிய அப்பாவின் விழித்திரைதான் அதற்குச் சாட்சி.

எங்கள் நடைமுறையில் மாறியவை

25 வயதுக்குள் சர்க்கரை தெரிந்து வரும் ஒவ்வொருவருக்கும், இன்சுலினைத் தொடங்கியே ஆக வேண்டிய நிலையிலும்கூட, முதல் நாளே சி-பெப்டைடுக்கும் ஆன்டிபாடிக்கும் ரத்தம் எடுத்துவிடுகிறோம். சி-பெப்டைடோடு அதே நேரத்துச் சர்க்கரை அளவும் கட்டாயம். சர்க்கரை 70 இருக்கும்போது வந்த குறைந்த சி-பெப்டைடுக்குப் பொருளே இல்லை. வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பும்போது சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்துத்தான் அனுப்புகிறோம். அறை வெப்பத்தில் விட்டால் சி-பெப்டைடு சிதைந்து பொய்யாகக் குறைவு காட்டும், அந்தப் பொய் ஒரு பிள்ளையை ஊசியிலேயே வைத்துவிடும்.

டைப் 1 என்று எழுதப்பட்டவர்களிலும், குறைந்த இன்சுலினிலேயே ஒரு வருடத்துக்கு மேல் நன்றாக இருப்பவர்களைத் திரும்ப அழைத்துப் பார்க்கிறோம். பெரும்பாலோருக்கு டைப் 1 தான் என்று உறுதியாகிறது, அவர்கள் ஊசியைத் தொடர்கிறார்கள். எவரும் தானாக ஊசியை நிறுத்திப் பார்க்கக் கூடாது என்பதை அவர்களிடம் அழுத்திச் சொல்லிவிட்டே சோதிக்கிறோம்.

குடும்ப வரைபடத்துக்கு ஒரு தனித்தாள் அடித்து வைத்திருக்கிறோம். உறவு, நோய் தெரிந்த வயது, அப்போதைய உடல்வாகு, இப்போதைய மருந்தும் அளவும் என்று நான்கு கட்டங்கள். மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுவரச் சொல்கிறோம். மாணவியின் கல்லூரிப் பதிவேட்டில் இன்னும் டைப் 1 என்றே இருந்தது. அதை மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்து, அவர் பையில் வைத்திருக்கும் அட்டையிலும் நோயின் வகை, மாத்திரையின் அளவு, தாழ்சர்க்கரை வந்தால் செய்ய வேண்டியது ஆகியவற்றைப் புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.